கொரில்லா ட்ரெக் போறவங்க முதல்ல பெர்மிட்ட கண்ணால பாத்துடுங்க: உகாண்டால நான் பட்டது

உகாண்டால பிவிண்டி காட்டுக்கு மலை கொரில்லா பாக்கணும்னு தனியா போயிட்டு வந்தேன். பாத்தாச்சு, நல்லபடியா ஊர் திரும்பியாச்சு. ஆனா நடுவுல தலைநகர் கம்பாலால ஒரு ஹோட்டல் ரூம்ல உக்காந்து ராத்திரி பூரா அழுதிருக்கேன், கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபா சும்மா போச்சு, பாக்கணும்னு ஆசப்பட்ட இன்னொரு இடமும் கைவிட்டுப் போச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் உக்கார வெச்சு ரெண்டு விஷயம் சொல்லியிருந்தா இதுல பாதி நடந்திருக்காது. நம்ம ஊர்ல இருந்து இதுக்குப் போறவங்க ரொம்ப கம்மி, விசாரிக்கக்கூட ஆள் கிடைக்கல, அதனால நானே நடந்தத எழுதி வெக்கிறேன், பெருசா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு அடிப்படை. மலை கொரில்லா உலகத்துலயே ரெண்டு இடத்துலதான் இருக்கு. ஒன்னு உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூணும் சேர்ற விருங்கா எரிமலைப் பகுதி, இன்னொன்னு இந்த பிவிண்டி காடும் அத ஒட்டி காங்கோ பக்கம் இருக்குற சரம்ப்வேயும். 2018, 2019ல வந்த கணக்குப்படி மொத்தமே 1,063தான். எந்த மிருகக்காட்சி சாலையிலயும் இந்த வகை கிடையாது, அதனால பாக்கணும்னா காட்டுக்குள்ள நடந்துதான் ஆகணும். மனுஷங்கள பாத்து பழகின குடும்பங்கள மட்டும்தான் காட்டுவாங்க, ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 8 பேர், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு ஆளும் கிடையாது, ஒரு நிமிஷமும் கிடையாது. இந்த கணக்க மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா பெர்மிட் ஏன் இவ்ளோ விலை, ஏன் இவ்ளோ சீக்கிரம் தீந்துபோகுதுன்னு புரிஞ்சுடும். உகாண்டால வெளிநாட்டுக்காரங்களுக்கு 2024 ஜூலைல இருந்து 800 டாலர், அதுக்கு முன்னாடி 700. ருவாண்டால 2017லயே 1,500 டாலர் ஆக்கிட்டாங்க. காங்கோ பக்கம் சண்டை நடக்குது, அந்தப் பேச்சே வேண்டாம். என் பட்ஜெட்டுக்கு உகாண்டாதான் சரிப்பட்டு வந்துச்சு.

நான் அங்க இருக்குற ஒரு டூர் ஆபரேட்டர் மூலமா புக் பண்ணேன், பேர் சொல்லல. பெர்மிட், கார், டிரைவர், லாட்ஜ் எல்லாம் சேத்து 2,150 டாலர். பெர்மிட்டுக்கான 800ஐயும் மீதில பாதியையும் ஆறு மாசம் முன்னாடியே பேங்க்ல அனுப்பியாச்சு. அனுப்பின வாரமே "பெர்மிட் கன்ஃபர்ம்டு"ன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு. காப்பி அனுப்புங்கன்னு கேட்டேன். ஆபீஸ்ல பத்திரமா இருக்கு, வந்ததும் கைல குடுக்குறோம்னாங்க. மாசத்துக்கு ஒருதடவையாவது கேட்டுக்கிட்டேதான் இருந்தேன், ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். அவங்க சொன்ன பாக்கேஜ்ல இஷாஷான்னு ஒரு இடம் இருந்துச்சு, குயின் எலிசபெத் நேஷனல் பார்க்கோட தெற்குப் பகுதி, அங்க சிங்கங்க அத்திமரத்து மேல ஏறி படுத்திருக்கும். அத பாத்துட்டு அப்படியே பிவிண்டியோட வடக்குப் பக்கம் புஹோமான்னு ஒரு ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கி, அங்கயே ட்ரெக்குன்னு பிளான். லாட்ஜுக்கு முழு பணமும், 240 டாலர், முன்னாடியே கட்டச் சொன்னாங்க, திரும்ப கிடைக்காதுன்னும் சொன்னாங்க. சரின்னு கட்டிட்டேன்.

இதுக்கு நடுவுல மஞ்சக் காய்ச்சல் ஊசி. நம்ம மஞ்சக்காமாலை இல்ல, யெல்லோ ஃபீவர். இது இல்லாம உகாண்டாக்குள்ள விடமாட்டாங்க. அதவிட முக்கியம், திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயும் ஊசி போட்டதுக்கு குடுக்குற மஞ்சக் கார்ட கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா அடைச்சு வெக்க சட்டம் இருக்கு. கவர்மென்ட் அனுமதிச்ச சென்டர்ல மட்டும்தான் போடணும், தெரு முனை கிளினிக்ல போட்டா செல்லாது. நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டேன். எல்லா நாளும் போடமாட்டாங்க, அதனால முதல்லயே விசாரிச்சுட்டு பாஸ்போர்ட்டோட போங்க. போட்டு 10 நாள் ஆனாதான் கார்டு செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் போதும். முட்டை அலர்ஜி இருந்தாலோ, வயசு 60 தாண்டியிருந்தாலோ ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட வாய விட்டு சொல்லிடுங்க. மலேரியா மாத்திரையும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போங்க, சிலத கிளம்புறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு ஊருக்கு வந்த அப்புறமும் தொடர்ந்து சாப்பிடணும், பாதில நிறுத்தக் கூடாது. விசா ஆன்லைன்லயே கிடைக்குது, 50 டாலர். ருவாண்டாவோ கென்யாவோ சேத்துப் போறதா இருந்தா மூணுக்கும் சேத்து ஒரே விசா இருக்கு, 100 டாலர், ஆனா எந்த நாடு குடுத்துச்சோ அந்த நாட்டுக்குள்ளதான் முதல்ல நுழையணும்.

மும்பைல இருந்து உகாண்டாவோட ஏர்போர்ட் இருக்குற எண்டெபிக்கு நேரடி ஃபிளைட் இருக்கு, அதுல போனேன். டிரைவர் வந்து கூட்டிட்டு கம்பாலா ஹோட்டல்ல விட்டாரு, தங்கமான மனுஷன், அவர் மேல ஒரு குறையும் இல்ல. கைல பெர்மிட் குடுக்கல. நாளைக்கு காலைல கிளம்பணுமே, பெர்மிட் எங்கன்னு ஆபரேட்டருக்கு போன் போட்டா எடுக்கல. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு போட்டோ வந்துச்சு. கலங்கலா இருந்துச்சு, பெருசு பண்ணிப் பாத்தேன். என் பேரு, தேதி ரெண்டும் சரி. செக்டார்னு, அதாவது காட்டோட எந்தப் பகுதின்னு, இருக்குற இடத்துல புஹோமாவுக்கு பதிலா ருஷாகான்னு போட்டிருந்துச்சு. கீழ பணம் கட்டின தேதி போன வாரத்து தேதி. என் காச ஆறு மாசமா கைல வெச்சு வேற எதுக்கோ சுத்தவிட்டுட்டு, கடைசில புஹோமால இடம் தீந்து போனதும் கிடைச்ச இடத்துல வாங்கியிருக்காங்க. அதுவும் அந்த போட்டோ நிஜமா டூப்ளிகேட்டான்னே தெரியல. கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு. இத்தன வருஷம் சேத்த காசு, தெரியாத ஊரு, தெரிஞ்சவங்க ஒருத்தர் இல்ல. தம்பிக்கு போன் பண்ணேன். "அக்கா, பணம் போனா போகுது, நாளைக்கே டிக்கெட் போடுறேன், நீ வந்துடு"ன்னான். "இல்லடா, காலைல பெர்மிட் குடுக்குற ஆபீஸுக்கே நேர்ல போயி கேட்டுடுறேன், அதுக்கப்புறம் பாப்போம்"னு சொல்லிட்டேனே தவிர, போன வெச்சதும் அழுகைதான். தூக்கமே வரல.

ஆபீஸ்னு நான் சொன்னது உகாண்டா வைல்ட்லைஃப் அத்தாரிட்டி. இந்த பெர்மிட்ட குடுக்குறதே அவங்கதான், கம்பாலால கிரா ரோட்ல இருக்காங்க. காலைல திறக்குறப்பவே போயி நின்னேன். கவுண்டர்ல இருந்த அம்மா போட்டோல இருந்த நம்பர தட்டிப் பாத்து, பெர்மிட் நிஜம்தான், உங்க பேர்லதான் இருக்கு, ஆனா ருஷாகாவுக்குத்தான், அந்தத் தேதிக்கு புஹோமால இடமே இல்லன்னு பொறுமையா சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைல உசுரு வந்துச்சு எனக்கு. அப்புறம் மேப்ப விரிச்சு காட்டினாங்க. பிவிண்டில நாலு செக்டார், வடக்குல புஹோமா, கிழக்குல ருஹிஜா, தெற்குல ருஷாகாவும் ந்குரிங்கோவும். மேப்ல பாத்தா பக்கத்து பக்கத்து ஊரு மாதிரி தெரியும், ஆனா நடுவுல இருக்குறது காடு, காட்டச் சுத்தி மலைரோட்லதான் போகணும். புஹோமால தங்கிட்டு ருஷாகாவுக்கு காலைல ஏழரைக்குள்ள போகணும்னா விடியறதுக்கு பல மணி நேரம் முன்னாடியே கிளம்பணும், மழை பெஞ்சா அதுவும் நடக்காது. லேட்டா போனா குழு உங்கள விட்டுட்டு காட்டுக்குள்ள போயிடும், 800 டாலரும் போச்சு.

தயவுசெஞ்சு இந்த ஒரு விஷயத்த மட்டுமாவது மனசுல வெச்சுக்கோங்க. பெர்மிட்டோட தேதியும் செக்டாரும் கைல இருந்தாதான் மத்த எல்லாமே. ஃபிளைட்டு, லாட்ஜு, காரு எல்லாம் அதுக்கு அப்புறம். ஆபரேட்டர்கிட்ட பணம் குடுக்கும்போதே எழுத்துல கேளுங்க, பெர்மிட் பணத்த தனியா குடுக்குறேன், இத்தன நாளுக்குள்ள என் பேரு, பாஸ்போர்ட் நம்பர், தேதி, செக்டார் தெரியுற ஸ்கேன் காப்பி வரணும், அது வந்ததும்தான் மீதி அட்வான்ஸுன்னு. ஒழுங்கான ஆபரேட்டர் இதுக்கு கோவப்படமாட்டாரு. காப்பி வந்ததும் அத்தாரிட்டிக்கே மெயில் போட்டு நம்பர் சரியான்னு கேட்டுக்கலாம், நேரடியா அவங்ககிட்டயே பெர்மிட் வாங்குறவங்களும் இருக்காங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், அப்புறம் டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மழை கம்மி, கூட்டம் ஜாஸ்தி, அந்த மாசங்களுக்கு அஞ்சாறு மாசம் முன்னாடியே வாங்கிடுறது நல்லது.

அன்னிக்கு பொழுது ஆபீஸ்லயும் ஆபரேட்டரோட சண்டை போடுறதுலயும் போச்சு. இஷாஷா பக்கம் சுத்தினா ருஷாகாவுக்கு நேரத்துக்கு போக முடியாதுன்னு டிரைவர் சொல்லிட்டாரு, ஆக சிங்கம் கிடையாது. ரூட்டு மாறினதுக்கு பெட்ரோல், டிரைவர் படின்னு ஆபரேட்டர் 150 டாலர் கூட கேட்டாங்க, தப்பு அவங்களோடது, நான் ஏன் குடுக்கணும்னு கத்தினேன், குடுக்கலன்னா வண்டி நகராதுன்னாங்க, குடுத்தேன். கம்பாலால இன்னொரு ராத்திரி 60 டாலர், ருஷாகால புதுசா ரூம் 130 டாலர். புஹோமா லாட்ஜ் பணம் திரும்ப வரல. அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடி கிளம்பி மசாகா, ம்பராரா, கபாலே வழியா போய்ச் சேர சாயங்காலம் ஆயிடுச்சு. கபாலே தாண்டி கொஞ்ச தூரம் வரைக்கும் தார் ரோடு, அதுக்கப்புறம் மண்ரோட்ல முதுகு கழண்டு போச்சு. ஆனா அந்த மலைங்கள பாத்துக்கிட்டே வந்ததுல மனசு கொஞ்சம் ஆறிச்சு, உச்சி வரைக்கும் படிப்படியா வெட்டி உருளக்கிழங்கும் பீன்ஸும் போட்டிருக்காங்க. ராத்திரி நல்ல குளிரு, ஆப்பிரிக்கான்னா வெயில்தான்னு நெனச்சு ஸ்வெட்டர் இல்லாம போயிடாதீங்க.

காலைல பிரீஃபிங். ஊர்க்கார பொம்பளைங்க பாட்டுப் பாடி ஆடி வரவேற்கிறாங்க, அப்புறம் ரேஞ்சர் விதிகள சொல்றாரு. மாஸ்க் கட்டாயம், கொரில்லாகிட்ட இருந்து 10 மீட்டர் தள்ளி நிக்கணும், கோவிட்டுக்கு முன்னாடி 7 மீட்டரா இருந்துச்சாம், ஃபிளாஷ் கூடாது, 15 வயசுக்கு கீழ அனுமதி இல்ல. எங்க குழுவுல வந்த ஒருத்தரு இருமிக்கிட்டே இருந்தாரு. ரேஞ்சர் அவர தனியா கூப்பிட்டு பேசி, காட்டுக்குள்ள விடமுடியாதுன்னுட்டாரு. பாவம், அவரோட முகத்த பாக்க முடியல. எனக்கும் ஃபிளைட் ஏசில தொண்டை கரகரன்னு இருந்து ரெண்டு நாளா சுடுதண்ணியா குடிச்சு அப்பதான் சரியாகியிருந்துச்சு, அதனால பயந்து போய் நின்னேன். ஆனா அவங்க செஞ்சது நியாயம். நம்ம உடம்புல இருக்குற கிருமி அதுங்களுக்கும் ஒட்டிக்கும், நமக்கு சாதாரண சளி அதுங்களுக்கு நிமோனியாவாகி உசுரையே எடுக்கும். 1996ல இதே பிவிண்டில ஒரு குடும்பத்துக்கு சொறி வந்து ஒரு குட்டி செத்துப்போச்சு, ஊர்க்காரங்க துணில இருந்து தொத்தினதுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்ப வைத்தியம் பாத்தவங்க கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகான்னு ஒரு உகாண்டா வெட்னரி டாக்டரம்மா, கொரில்லாவ காப்பாத்தணும்னா சுத்தி இருக்குற ஜனங்களோட ஆரோக்கியத்தயும் பாக்கணும்னு அப்புறம் அதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அதனால சளியோ ஜுரமோ இருந்தா மாத்திரை போட்டு மறைச்சுட்டு உள்ள போகாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். முடிஞ்சா ட்ரெக்குக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா இருக்குற மாதிரி வெச்சுக்கோங்க, ஃபிளைட்ல மாஸ்க் போட்டுக்கோங்க.

குழு பிரிக்கும்போது முட்டிவலி, மூச்சுத்திணறல் ஏதாவது இருந்தா வெக்கப்படாம சொல்லுங்க, கிட்டக்க இருக்குற குடும்பத்துக்கு அனுப்பப் பாப்பாங்க, உறுதி கிடையாது, ஆனா சொன்னாதான் பாப்பாங்க. எங்களுக்கு வந்தது ந்ஷோங்கி குடும்பம். விடியக்காலைல டிராக்கர்ங்க நேத்து கொரில்லா படுத்த இடத்துக்குப் போயி தடம் புடிச்சுக்கிட்டே போவாங்க, ஏன்னா அதுங்க தினமும் புதுசா இலைதழைய மடிச்சு படுக்கை போட்டுக்கும். இடம் தெரிஞ்சதும் ரேடியோல சொல்லுவாங்க, நாம பின்னாடியே போகணும். அரைமணி நேரத்துலயும் கிடைக்கலாம், சாயங்காலமும் ஆகலாம். எங்களுக்கு மத்தியானம் ஆயிடுச்சு. பாதைன்னு ஒன்னு கொஞ்ச தூரம்தான், அப்புறம் ரேஞ்சர் கத்தியால வெட்டிக்கிட்டே போக, நாம காலுக்கு கீழ மண்ணா கொடியான்னு தெரியாம சரிவுல இறங்கணும். மழை வேற புடிச்சுக்கிச்சு.

அங்க போர்ட்டர் வெச்சுக்கலாம், 20 டாலர் கேப்பாங்க. பை என்ன பெரிய கனமா, நானே தூக்கிக்குவேன்னு நெனைக்காதீங்க, அவங்க தூக்குறது பைய மட்டும் இல்ல. எனக்கு வந்தது ஒரு இருவது வயசு பொண்ணு. வழுக்குற இடத்துலயெல்லாம் எனக்கு முன்னாடி இறங்கி நின்னு, "மேடம், இங்க கால வைங்க"ன்னு கைய நீட்டும். ஏறும்போது பின்னாடி இருந்து தள்ளும். அந்தப் பொண்ணு இல்லன்னா நான் பாதி வழிலயே உக்காந்திருப்பேன், சத்தியமா சொல்றேன். அந்த வருமானம் அந்த ஊருக்கு நேரா போகுது, கொரில்லா உசுரோட இருந்தாதான் நமக்கு சோறுன்னு ஊர்ல நாலு பேரு நெனைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். 2020ல டூரிஸ்ட் யாரும் வராத கோவிட் நேரத்துல ந்குரிங்கோ கொரில்லா குடும்பத்துத் தலைவன் ரஃபிகிய வேட்டைக்காரன் ஈட்டியால குத்திக் கொன்னுட்டான், அவனுக்கு 11 வருஷம் ஜெயில். அத ரேஞ்சர் சொல்லும்போது அவர் குரலே மாறிடுச்சு. அதனால பணம் இருக்கோ இல்லையோ, போர்ட்டர மட்டும் வேண்டாம்னு சொல்லாதீங்க.

துணிமணி விஷயம். மணிக்கட்டு வரைக்கும் மறைக்குற சட்டை, கெட்டியான பேன்ட், பேன்ட்டு நுனிய சாக்ஸுக்குள்ள செருகிடணும், இல்லன்னா எறும்பு ஏறி கடிக்குற கடில ஆடிடுவீங்க. கைக்கு தோட்ட வேலைக்கு போடுற தடி கிளவுஸ் எடுத்துட்டுப் போங்க. புடிக்கிறதுக்குன்னு கைல சிக்குறதெல்லாம் காஞ்சொறி மாதிரி செடிதான், என் இடது கை ராத்திரி வரைக்கும் எரிஞ்சுச்சு. ஷூ கணுக்கால் மேல வரணும், புதுசா வாங்கி அங்க போயி முதல் தடவ போடாதீங்க. ஜிம்ல டிரெட்மில் ஓடுறது இதுக்கு ஒன்னும் உதவாது, மாடிப்படி ஏறி இறங்குங்க, முக்கியமா இறங்குங்க. எனக்கு தொடைய விட முட்டிதான் வாங்கிச்சு.

டிராக்கர்ங்க நின்ன இடத்துல பையயும் குச்சியயும் போர்ட்டர்கிட்ட குடுத்துட்டு மாஸ்க் மாட்டிக்கிட்டு முன்னாடி போனோம். முதல்ல செடி ஆடுறது மட்டும் தெரிஞ்சுச்சு, அப்புறம் ஒரு தாயும் குட்டியும். குட்டி கொடிய புடிச்சு தொங்கி, விழுந்து, திரும்ப ஏறி, நெஞ்ச தட்டிக்கிட்டு எங்கள பாத்துச்சு. பெரிய சில்வர்பேக், அதாவது முதுகு நரைச்ச பெரிய ஆண் கொரில்லா, குப்புறப் படுத்து தூங்கிட்டிருந்துச்சு, முதுகு அகலமே ஒரு கட்டில் இருக்கும். முழிச்சு எந்திரிச்சு எங்க பக்கமா நடந்து வந்தப்ப ரேஞ்சர் தொண்டைல இருந்து ஒரு கனைப்பு சத்தம் குடுத்தாரு, நாங்க கெட்டவங்க இல்லன்னு சொல்றதாம், அதுவும் அதே மாதிரி கனைச்சுட்டு கடந்து போச்சு. எனக்கு கண்ணு நிறைஞ்சுடுச்சு. போன ரெண்டு நாள் கோவம், பயம் எதுவுமே அப்ப இல்ல. ஒன்னு சொல்றேன், முதல் பத்து நிமிஷம் போட்டோ எடுங்க, அப்புறம் போன உள்ள வெச்சுடுங்க. எங்க குழுவுல ரெண்டு பேரு ஒரு மணி நேரமும் ஸ்கிரீன் வழியாவே பாத்தாங்க. காடு இருட்டா இருக்கும், கருப்பு உடம்பு, போட்டோ பாதி கருப்பாதான் வரும், அதுக்காக அந்த ஒரு மணி நேரத்த விட்டுடாதீங்க.

திரும்ப மேல ஏறி வர மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நடக்கவே முடியாம போச்சுன்னா தூக்குப் பல்லக்கு மாதிரி ஒன்னுல ஆள் மாத்தி ஆள் தூக்கிட்டு வருவாங்க, அதுக்கு சில நூறு டாலர் ஆகும், வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க காலைலயே பேசி வெச்சுடலாம். டிப்ஸுக்கு சின்ன நோட்டா டாலரோ உகாண்டா ஷில்லிங்கோ வேணும், டாலர் புது நோட்டா, கிழிசல் கிறுக்கல் இல்லாம பாத்து வாங்குங்க, பழைய வருஷத்து நோட்ட அங்க நிறைய இடத்துல தொடவே மாட்டேங்குறாங்க. மத்தியான சாப்பாடு கைல கட்டிக் குடுப்பாங்க, நான் சைவம்னு சொன்னதுக்கு சப்பாத்தியும் வாழைப்பழமும்தான், அதனால நம்ம ஊர்ல இருந்து கொஞ்சம் கடலமிட்டாய், பேரீச்சம்பழம் கொண்டு போங்க.

திரும்ப ஒருதடவ போறதா இருந்தா நான் கம்பாலா வழியா போகமாட்டேன். ருஷாகாவுக்கும் ந்குரிங்கோவுக்கும் ருவாண்டா தலைநகர் கிகாலில இறங்கி பார்டர் தாண்டிப் போனா ரோட்டு நேரம் பாதிதான், அந்த மூணு நாட்டு விசா இதுக்கு கச்சிதமா பொருந்தும். புஹோமான்னா எண்டெபில இருந்து சின்ன பிளேன்ல கிஹிஹி வரைக்கும் போகலாம், லக்கேஜ் 15 கிலோதான் விடுவாங்க.

கணக்கு சொல்லிடறேன். ரூட்டு மாறினதுக்கு 150, கம்பாலா ராத்திரி 60, ருஷாகா ரூம் 130, ஆக 340 டாலர் கைய விட்டு கூடுதலா போச்சு, நான் மாத்தின ரேட்ல 29,000 ரூபாக்கு மேல. இஷாஷா போகாததுக்கு கழிச்சுக்குங்கன்னு கேட்டதுக்கு ஆபரேட்டர்கிட்ட இருந்து இதுவரைக்கும் பதில் இல்ல. பணம் அனுப்பின ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், பெர்மிட்ல இருந்த பணம் கட்டின தேதி எல்லாத்தயும் சேத்து உகாண்டா டூரிசம் போர்டுக்கு புகார் எழுதி அனுப்பியிருக்கேன், டூர் ஆபரேட்டர்ங்களுக்கு லைசென்ஸ் குடுக்குறது அவங்கதான். யாருக்காவது பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த லைசென்ஸ் நம்பரயும் கேட்டு வாங்கிக்கோங்க.